கள் ஊற்றிய பன்

வெள்ளைக்காரர் செய்முறை எதுவானாலும் மாற்றுச் சாமான் கண்டுபிடிப்பதில் நான் கில்லாடி என்று எனக்கு ஒரு மண்டைக்கனம். பட்டர்மில்க் என்றால் மோர். மேப்பிள் சிரப் என்றால் குலா மெலாக்கா என்கிற தென்னங்கருப்பட்டிப் பாகு. கேட்ட சாமானுக்காக எங்கள் ஊர் சிரம்பான் முழுக்க அலைய என்னால் ஆகாது.

அந்த நோன்பு மாதத்தில் ஒரு பன் செய்யப் பார்த்தேன். நாள்கணக்கில் புளிக்கவைத்த மாவு வேண்டும் என்றிருந்தது. யாருக்கு அவ்வளவு பொறுமை? மந்தின் பக்கம் தோட்டத்தில் இருக்கும் கொழுந்தனிடம் தென்னங்கள் வாங்கிவரச் சொன்னேன். எங்கள் வீட்டு ஆப்பமாவுக்குக் காலங்காலமாக அதுதான். ஊற்றிப் பிசைந்தேன், மாவு சட்டியை மீறிப் பொங்கியது.

சூட்டோடு ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். ராசா பகுதியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் முஸ்லிம் குடும்பம். நோன்பு திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"வாசனையே ஆளத் தூக்குது லா! என்ன ஈஸ்ட்டும்மா போட்ட?"

"ஈஸ்ட்டா? நம்ம தோட்டத்துக் கள்ளுக்கா!" என்றேன் பெருமையாக.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐயோ கடவுளே! எனக்கு அது மாவு புளிக்க ஊற்றும் சாமான், அவருக்கு ஹராம். என் மரமண்டைக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

அக்கா தட்டை மேசையில் வைத்தார். முகம் வெளிறியிருந்தது.

"அப்போ, தீபாவளிக்கு வருஷா வருஷம் குடுத்த ஆப்பம்?"

இல்லை என்ற பொய் நுனிநாக்குவரை வந்தது. பதினைந்து வருஷப் பழக்கம் அறுந்துவிடுமே என்று பயம். ஆனால் நோன்போடு நிற்பவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"அதுலயும்தான்க்கா."

"யா அல்லாஹ்! எம் புள்ளைங்களுக்கெல்லாம் ஊட்டிவிட்டேனே!" நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"தோணவே இல்லக்கா. சத்தியமா."

அவர் எழுந்து உள்ளே போனார். இனி இந்தப் படி ஏற முடியாது என்றே நினைத்தேன். திரும்பி வந்தவர் ஒரு தூக்குச்சட்டியை என் கையில் வைத்தார்.

"நோன்புக் கஞ்சி. எங்க பானையில மாட்டெறைச்சி கெடக்கும். இது கோழி. ஒனக்குன்னு தனிச் சட்டியில காய்ச்சுறது. நீ இங்க குடிவந்த வருஷத்துலேர்ந்து அப்படித்தான்."

அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.