மாலையும் கழுத்துமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் ஒரு மணி நேரம். எனக்குப் பதினான்கு மாதமும் மூன்றே கால் மணி நேரமும் ஆனது. பழைய காரை எடுத்துக்கொண்டு இந்தச் சாலையில் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உபயோகப்படும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். என் வீட்டில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நான் விழுப்புரத்தில் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது, அதுவும் இரண்டாவது தடவையில். போன வருடத்துக்கு முந்தைய வருடம் மழைக்காலத்தில், திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் அப்பாண்டை நயினாருடைய மல்லாட்டை குடோனுக்கு போர்வெல் மோட்டார் பார்க்கப் போனேன். நயினார் சமணர், எண்பதைத் தொட்டவர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரத்தில் மூன்று தலைமுறை. மோட்டாரைப் பார்த்துவிட்டுக் கை துடைக்கத் துணி தேடினேன். மூலையில் கிடந்த தார்ப்பாயை இழுத்தேன். உள்ளே ஒரு கார் இருந்தது.

இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை மடங்கும். முன்பக்கம் நீளமாக, பின்பக்கம் சிக்கனமாக. ஸ்டீயரிங் இடது பக்கம். பாண்டிச்சேரியை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் நயினாரின் அண்ணன் வாங்கியதாம். அண்ணன் போனதும் வண்டி இங்கே வந்து நின்றுவிட்டது. கம்பெனி பேரை எழுதினால் கமெண்டில் சண்டை வரும், அதனால் விட்டுவிடுகிறேன்.

“விக்கிறீங்களா ஐயா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நயினார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எத்தினியோ பேர் கேட்டாங்க. செவப்பு பெயின்ட் அடிச்சி கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவாங்க. எங்க அண்ணன் ஓட்டுன மாதிரியே, ஒரிஜினலா ஆக்கணும். ஆக்கி, இங்கியே ஓட்டிக்கினு வரணும். வந்தா கையெழுத்து போட்றேன். கட்டி இழுத்துக்கினு வந்தா, எறக்கி வச்சிட்டு பஸ் ஏறிடணும். சம்மதமா?”

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. காருக்குள் எலிக் குடும்பம் ஒன்று பல தலைமுறையாகக் குடியிருந்தது. நயினார் வீட்டில் எறும்புக்குக்கூட மருந்து வைக்க மாட்டார்கள். “அதுங்களும் உசுருதான் குமாரு. அடிக்காம எறக்கு” என்றார். சீட்டுக்குள் இருந்த ஐந்து குட்டிகளையும் தாயையும் தகர டப்பாவில் ஏந்திக்கொண்டு போய் வரப்பில் விட்டேன். அவர் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்து பார்த்தார்.

வண்டி லாரியில் விழுப்புரம் வந்தது. என் மனைவி தேவகி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஏங்க, மிச்ச பாதி எப்ப வரும்?” என்று கேட்டாள்.

அடுத்த பதினான்கு மாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலிகள் எல்லா ஒயரையும் தின்றிருந்தன. தின்ன முடியாத இடத்தில் மல்லாட்டைத் தொலியைச் சேர்த்து வைத்திருந்தன. சைலன்சரைத் தட்டினால் தொலி, கதவைக் கழற்றினால் தொலி, ஹெட்லைட்டுக்குள்ளும் தொலி. இரண்டு கோணி நிறைய எடுத்தோம். எடுத்தோம் என்றால் நானும் என் மகள் யாழினியும். அவள் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து, ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறாள். சனி ஞாயிறு முழுக்க இந்த வண்டிதான்.

‘ஒரிஜினல்’ என்ற வார்த்தையை வைத்து எங்களுக்குள் நடந்த சண்டைகளை எழுதினால் தனிப் பதிவு ஆகும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் “ஒரிஜினலா?” என்று கேட்டால், “ஒரிஜினல் மாதிரிண்ணே” என்பார்கள். எனக்கு அது போதும். யாழினிக்குப் போதாது. நான் எல்.இ.டி. லைட் போடலாம் என்றேன். லாரி ஹாரன் வாங்கியே வந்துவிட்டேன். கண்ணாடியில் ‘யாழினி துணை’ என்று எழுதலாம் என்றேன். “ப்பா, நீ கம்முனு இரு. நயினார் தாத்தா இன்னா சொன்னாரு?” என்று ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினாள். நிறமும் அப்படித்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிவப்பு என்றுதான் நானும் நினைத்தேன். நம்பர் பிளேட்டைக் கழற்றினால், அடியில் வெளிர் பச்சை. “பச்சப் பயறு கலர்” என்று தேவகி சொன்னாள். அதே பச்சைப் பயறுதான் அடித்தோம்.

ஹீட்டர் ஃபேனுக்குக்கூட ஒயர் இழுத்தாள். விழுப்புரத்தில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்? அதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொல்கிறேன்.

தை பிறந்ததும் நயினார் போன் செய்தார். குடோன் கைமாறிவிட்டது. ஞாயிறு மகன் வந்து பதினோரு மணிக்குப் பெங்களூருக்குக் கூட்டிப் போகிறான், இனி அங்கேதான். “அதுக்குள்ள வந்துடு. இல்லன்னா குடோன் வாங்குனவரு வண்டியையும் கேக்கறாரு.” அவரும் கல்யாண வாடகைக்காரர்தான்.

தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு முன்பே நயினார் பெயரில் முடித்திருந்தோம். ஞாயிறு காலை ஆறரைக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். தேவகி வாங்கி வந்த சாமந்தி மாலை என் தொடை கனம் இருந்தது. மெல்லிசாகப் போட்டால் தெருவில் பேசுவார்களாம். காரின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நானே கம்பி வைத்துக் கட்டினேன். நடுவில் வேப்பிலைக் கொத்து. இடைவெளி தெரிந்த இடத்தில் மாவிலை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு கம்பிகூடத் தெரியவில்லை. அவ்வளவு அழகு.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தால், முன்னால் போகும் பஸ்ஸை முந்த டிரைவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. வலது பக்கம் உட்காருபவர்தான் சொல்ல வேண்டும். நாலு வழிச் சாலைக்கு வரும்வரை யாழினி கண்டக்டர் வேலை பார்த்தாள். “வா, வா, ஜல்தி, ஜல்தி... இருப்பா! போலாம் ரைட்!” முண்டியம்பாக்கத்தில் டீ குடித்தோம். இறங்குவதற்குள் பன்னிரண்டு பேர் செல்ஃபி எடுத்துவிட்டார்கள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பூத் இருப்பது வலது பக்கம், அதாவது யாழினி பக்கம். பணம் வாங்கிய பையன் அவளையே பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான். “இன்னாக்கா, ஸ்டீயரிங்கே இல்லாம ஓட்டிக்கினு வர்ற?” என்றான்.

“நா சொல்லுவேன், அவுரு ஓட்டுவாரு” என்றாள். வீட்டிலும் அப்படித்தான்.

டோல்கேட் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர். டெம்பரேச்சர் முள் மெதுவாக ஏறியது. பிறகு வேகமாக ஏறியது. பானெட் ஓரத்தில் ஆவி வந்ததும் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். மணி எட்டே கால். பானெட்டைத் தூக்கினால், இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி இருந்தது. வாட்டர் பம்பைப் பார்த்தோம், ஹோஸைப் பார்த்தோம், பெல்ட்டைப் பார்த்தோம். எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்து வண்டி கொதித்தால், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

பந்தல் சாமான் ஏற்றிய ஒரு மினி லாரி வந்து நின்றது. டிரைவர் பெரிய மீசைக்காரர். “இன்னா சார், பேஜாராயிடுச்சா? நா திண்டிவனந்தான் போறேன். கயிறு கீது. கட்னா அர மணி நேரம்.”

மணி ஒன்பது ஆகியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் கயிற்றைக் கையில் வாங்கிவிட்டேன். திண்டிவனம் எல்லைவரை இழுத்துப் போய், அங்கிருந்து எப்படியாவது கிளப்பி ஓட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது?

“ப்பா. கயித்த குடுத்துடு.”

“கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கலாம்மா.”

“பதினாலு மாசமா ஒரு நட்டுகூட டூப்ளிகேட் போட உட்டேனா? இப்ப வர்றதையே டூப்ளிகேட்டா வரணுமா?”

கயிற்றைத் திருப்பிக் கொடுத்தேன். மீசைக்காரர் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார். யாழினி முன்பக்கம் போய்க் குனிந்தாள். மூக்கைச் சுருக்கினாள். கையை மாலைக்குள் விட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ப்பா, இத யாரு கட்னது?”

“நாந்தான். ஏன், நல்லா இல்லியா?”

“நல்லாகீது. பூ வெந்துகினு கீது! ரேடியேட்டருக்குக் காத்தே போவல!”

மீசைக்காரர் மட்கார்டைத் தட்டிச் சிரித்தார். “சாமிக்குப் போட்ட மால சாமியையே மறைச்சிக்கினு நிக்குது சார்!”

முப்பது வருடமாகப் பம்ப்செட் பார்க்கிறேன். இன்ஜினுக்குக் காற்று வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லுபவன் நான். கம்பியை வெட்டி மாலையை எடுத்தோம். பூஜை செய்த மாலையை ரோட்டில் போட முடியாது, கால் வைக்கும் இடத்திலும் போடக் கூடாது. யாழினி யோசிக்கவே இல்லை, என் கழுத்தில் போட்டுவிட்டாள். வெந்நீரில் குளித்த மாதிரி இருந்தது.

நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஒன்பதே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. முள் பாதியில் நின்றது, அதற்கு மேல் அசையவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. அழுத்தினேன். அந்த இன்ஜின் தொண்டையைத் திறந்து பாடியது. காற்றில் சாமந்தி இதழ்கள் என் கழுத்திலிருந்து பின்னால் வந்த மினி லாரிமேல் பறந்தன. மீசைக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.

பத்தே காலுக்கு குடோன் வாசலில் நின்றோம். நயினாரின் பெட்டிகள் மகனுடைய காரில் ஏறிக்கொண்டிருந்தன.

“யாருய்யா மாலையோட? ஓட்டு கேக்க வந்தியா?” என்றார். பிறகு வண்டியைப் பார்த்தார். சுற்றி வந்தார். முகம் மலரவில்லை. “இன்னா குமாரு, இவ்ளோ புதுசா கீது? இது எங்க வண்டிதானா? வேற எதுனா கொண்டாந்துட்டியா?”

“சத்தியமா உங்க வண்டிதாங்க ஐயா.”

அவர் நம்பவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். கை தானாக டேஷ்போர்டுக்குக் கீழே போய், பார்க்காமலேயே ஒரு குமிழைப் பிடித்து இழுத்தது. ஹீட்டர் ஃபேன்.

கிர்ரென்று ஒரு சத்தம். அடுத்த நொடி, ஓட்டைகளிலிருந்து மல்லாட்டைத் தொலி புயலாக வந்தது. நயினாரின் வெள்ளைச் சட்டை, மீசை, மூக்குக் கண்ணாடி, எல்லாம் தொலி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதினான்கு மாதம் போச்சு என்று நினைத்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். நயினார் உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்து ஒரு தொலியை எடுத்து மகனிடம் காட்டினார். “பாருடா! நம்ம குடோன் சரக்கு! ஒரிஜினல்டா!”

கையெழுத்து போடும்போதும் அவர் தலையில் இரண்டு தொலி இருந்தது. யாரும் தட்டிவிடவில்லை. குடோனைச் சுற்றி ஒரு ரவுண்டு அவரை உட்கார வைத்து யாழினி ஓட்டினாள். பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டியவர் பன்னிரண்டரைக்குத்தான் கிளம்பினார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழுக்கு முன்பே கிளம்புங்கள், வெயிலும் லாரியும் குறைவு. தண்ணீர் பத்து லிட்டர் வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இடது ஸ்டீயரிங் என்றால், பக்கத்தில் பயப்படாத ஆளை உட்கார வையுங்கள். பெட்ரோல் போய்வர எட்டு லிட்டர் ஆனது. டீ, பொங்கல், வடை இரண்டு பேருக்கு நூற்று அறுபது ரூபாய். காரைச் சரிசெய்த மொத்தச் செலவை எழுதவில்லை, தேவகியும் இந்தப் பதிவைப் படிக்கிறாள். மாலையைக் கண்ணாடி ஓரமாகக் கட்டுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று போன வாரம் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். யாழினி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உடுப்பா. அது ஒரிஜினல்.”