ரோமாபுரி வாசலில் செருப்பு

கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் எங்களுக்கு இருந்தது ஒரே கார். காலை ஏழரைக்கு அதை எடுத்துக்கொண்டு என் கணவர் சான்டா கிளாராவுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால், அப்புறம் நான் வீட்டோடு கட்டிப்போட்டவள்தான். பால் வாங்கக்கூட இரண்டு மைல். நடந்து போனால் யாராவது வண்டியை ஓரங்கட்டி, கார் ரிப்பேரா என்று பரிதாபமாகக் கேட்பார்கள். அழகான மரங்கள், அழகான புல்வெளி, நாலு பேர் சும்மா உட்கார்ந்து பேச ஒரு படிக்கட்டு கிடையாது. அந்த ஊருக்குப் பிளான் போட்டவன் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

கேட்க எனக்குத் தகுதியும் இருந்தது. சென்னையில் ஐந்து வருஷம் ஆர்க்கிடெக்சர் படித்து, ஆறு வருஷம் வேலை பார்த்தவள். இங்கே வந்ததோ கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்ட விசாவில். கிரீன் கார்டு வரும்வரை நான் வேலைக்குப் போகக் கூடாது. மூன்று வருஷமாக ஒரு கோடு போடவில்லை. பொங்கல் விழாவில் யாராவது, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில்தான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் பள்ளியில் கொடுத்த ஒரு தாளை நீட்டினாள். ரோமானியர்களின் ஃபோரம் மாதிரி ஒரு மாடல் செய்ய வேண்டும். இரண்டு வாரம் அவகாசம்.

ஃபோரம்! ஊர் நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, ஒரு பக்கம் கோயில், இன்னொரு பக்கம் பசிலிக்கா என்ற பெரிய கூடம். பின்னால் தேவாலயங்களுக்கு அந்தப் பெயர் போனது. ரோமானியர்களுக்கு அது வழக்கு பேசவும் வியாபாரம் பேசவும் கூடுகிற இடம். வேலை இல்லாதவனும் போய் நின்று வேடிக்கை பார்க்கலாம், யாரும் கார் ரிப்பேரா என்று கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் இருவரும் சேர்ந்துதான் உட்கார்ந்தோம். நான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் களிமண்ணில் குட்டிக் குட்டியாக எதையோ செய்து, கூடத்தின் படியில் வரிசையாக வைத்தாள்.

"என்னடி இது?"

"செருப்பு. உள்ள போனவங்களோடது."

அவளுக்குத் தெரிந்த தூண் வைத்த கட்டடம், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போகிற கோயில் ஒன்றுதான்.

"ரோமன்ஸ் செருப்பக் கழட்ட மாட்டாங்க. இது ஆபீஸ் மாதிரி. தள்ளிக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று அத்தனையையும் வழித்தெடுத்தேன்.

தள்ளிக்கொண்டவள் தள்ளியே இருந்தாள். நான் மரக்குச்சிகளை உப்புத்தாளால் இழைத்துத் தூண் செய்தேன். கூடத்தின் நடுக்கூரையைத் தூக்கி, மேலே ஜன்னல் வைத்து, வெளிச்சம் தரையில் விழும்படி செய்தேன்.

"இது அவ ப்ராஜெக்டா, உன் ப்ராஜெக்டா?" என்றார் கணவர்.

"அளவு தப்பா இருந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

மாடல் போன வேகத்தில் திரும்பி வந்தது. ரொம்ப அழகு, ஆனால் மாணவி தன் கையால் ஒரு வாரத்துக்குள் வேறு செய்ய வேண்டும், இல்லையென்றால் மார்க் கிடையாது என்று டீச்சர் எழுதியிருந்தாள்.

"ஷி ஆஸ்க்ட் மீ ஹூ மேட் இட். ஐ டோல்ட் ஹெர்" என்றாள் மகள்.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?"

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பொய் சொல்லத் தெரியாத குழந்தையைத் திட்டுகிறேன். வெட்கமாக இருந்தது, கோபமும் போகவில்லை. மூன்று வருஷத்தில் நான் கட்டிய ஒரே கட்டடம், கார் ஷெட்டில் வாஷிங் மெஷின் மேல் கிடந்தது.

அவள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் டப்பாக்களையும் பேப்பர் டவல் சுற்றியிருந்த குழல்களையும் வைத்துச் சாப்பாட்டு மேஜையில் தனியாகக் கட்டினாள். எனக்கோ கை பரபரத்தது. தூண்கள் சாய்ந்து நின்றன, ஒன்றுக்கொன்று இடைவெளி ஒத்துப்போகவில்லை, கூரைக்கு ஜன்னலே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்கும் மேஜைக்கும் நடந்தேன். கடைசி நாள் பார்த்தால், படியில் மறுபடியும் செருப்பு வரிசை.

"நான்தான் சொன்னேனே, அவங்க கழட்ட மாட்டாங்கன்னு."

"ஐ நோ. பட் இது என் ஃபோரம்."

வரிசையின் ஓரத்தில் ஒரு ஜோடி மட்டும் சிவப்பு. சென்னையில் வாங்கிய என் செருப்பின் சிவப்பு.

"இது யாரோடது?"

"உன்னோடது."

"அப்ப நான் எங்க?"

அவள் தலை நிமிராமல், பசை ஒட்டிய விரலால் அந்தக் கோணல் கூடத்தைக் காட்டினாள்.

"உள்ள. யூ ஆர் அட் வொர்க், அம்மா."

சாய்ந்திருந்த தூணை நிமிர்த்தப் போன கையை இழுத்துக்கொண்டேன்.