சைக்கிள் பாட்டில் விசில் அடித்தது யார்?

வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருப்பது சம்பளம் இல்லாத வேலை, லீவு இல்லாத வேலை, விட்டுவிடுகிறேன் என்று சொன்னால் "அக்காவுக்கு என்ன கோபமோ" என்று நாலு பேர் சமாதானம் பேச வந்துவிடும் வேலை. அடுக்குமாடிக் குழுவிலோ, பழைய மாணவர் குழுவிலோ நீங்களும் இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் நான் சொல்லப்போவதெல்லாம் புரியும். மாட்டிக்கொள்ளாதவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டால் போதும்.

பகலில் அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டி.சி. எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் பாடகர் ஜெயசீலன் ரசிகர் குழுவை மேய்க்கிறேன். ஜெயசீலன் கேசட் காலத்துப் பாடகர். நிறையப் பாடவில்லை, பாடியதெல்லாம் தங்கம் என்பது எங்கள் கட்சி. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் கோட்டை விட்டுவிட்டு, வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு கோடை லீவில் எனக்குத் துணையாக இருந்தது அவர் குரல்தான். அந்த நன்றிக்குத்தான் இந்தக் குழு, அதற்கு ஒன்பது விதிகள், எந்தப் பாட்டுக்கு யார் இசை, யார் எந்த வாத்தியம் என்று நான் தேடித் தேடி எழுதிவைத்திருக்கும் பட்டியல் எல்லாம். இந்தக் குழுவில் ஒரு பெரியவரை எல்லாரும் பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விதி எண் ஒன்று

காலை வணக்கம் போடக்கூடாது என்பதுதான் அந்த விதி. சேக்காட்டு சுந்தரம் ஐயா மட்டும் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஆவடியில் தொழிற்சாலை வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஜெயசீலன் எந்த வரியில் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பதுவரை மனப்பாடம். அவ்வளவு விஷயம் தெரிந்த மனிதர், தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு ரோஜாப்பூ, அதன்மேல் பனித்துளி, அதற்கும் மேலே 'இனிய காலை வணக்கம்' என்று அனுப்பிவிடுவார். நானும் தினமும் "ஐயா, விதிகளைப் படிக்கவும்" என்று போடுவேன். மறுநாள் ரோஜாவுக்குப் பதிலாகச் செம்பருத்தி வரும்.

ஒரு நாள் பொறுக்காமல் போனே போட்டுவிட்டேன். "எத்தனை தடவை ஐயா சொல்றது?" என்று கத்தியும் விட்டேன். அவர் மனைவி காலமாகி ஒரு வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். அதையும் ரோஜாப்பூவையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை. அவர் நிதானமாகச் சொன்னார்: "நான் பூ போட்டா நீங்க திட்டுவீங்க இல்லம்மா, காலையில என்கிட்ட யாராச்சும் பேசறது அது ஒண்ணுதான்."

காஸ்கெட்

விதி எண் ஒன்றில் 'சுந்தரம் ஐயா நீங்கலாக' என்று சேர்த்துவிட்டேன். அடுத்து எங்கள் குழுவின் பிறந்தநாள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் கதாநாயகன் சைக்கிள் ஓட்டிக்கொண்டு பாடும் பாட்டு ஒன்று உண்டு. நாங்கள் சைக்கிள் பாட்டு என்போம். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் நாலு அடி மெட்டாக ஒரு விசில் வரும். அதைக் கேட்டால் எனக்கு இன்னமும் கை வேலை ஓடாது. யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் படமெல்லாம் கிடையாது. ஆளுக்கொரு தடவை அந்த விசிலை அடித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டும். என் பட்டியலில் 'விசில்: ஜெயசீலன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். பாடியது அவர் என்றால் விசிலும் அவர்தானே என்று நானே எழுதிக்கொண்டதுதான். மேடைக் கச்சேரியில் அவர் அந்த விசிலை அடிப்பதே இல்லை, அந்த இடம் வந்தால் புல்லாங்குழல்காரரைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார். அதற்கும் எங்களிடம் விளக்கம் இருந்தது. தொண்டை டாக்டர் வேண்டாம் என்றிருப்பார் என்று ஒரு கோஷ்டி. அடக்கமான மனிதர், தம்பட்டம் அடிக்க மாட்டார் என்பது நான்.

எனக்கோ விசில் சுத்தமாக வராது. ஒரு பிறந்தநாளுக்கு முன்னால் அடுக்களையில் நின்று அரை மணி நேரம் முயற்சி செய்துகொண்டிருந்தேன். உதட்டை எப்படிக் குவித்தாலும் காற்றுதான் வந்தது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "குக்கர்ல காஸ்கெட் போயிடுச்சு போல, புதுசா ஒண்ணு மாத்திடு."

ஏழுமலை அனுப்பியது

ஏழுமலையைக் குழுவுக்குக் கூட்டிவந்தது சுந்தரம் ஐயாதான். பூந்தமல்லியிலிருந்து வரும்போது ஏறிய ஆட்டோவில் ஜெயசீலன் பாட்டு ஓடியிருக்கிறது. இறங்குவதற்குள் டிரைவரைக் குழுவில் சேர்த்துவிட்டார். குமணன்சாவடி ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவர். சேர்ந்து இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுந்தரம் ஐயா பிறந்தநாளன்று எல்லாரும் விசில் அனுப்பிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்தும் ஒன்று வந்தது. கூடவே, "இத்து எங்க நைனா அடிச்சது. பேரு மாணிக்கம். சைக்கிள் பாட்டுல வர்ற விசிலும் அவருதான். ரெக்கார்டிங் தியேட்டர்ல வாத்தியம் தூக்கிகினு இருந்தாரு" என்று எழுதியிருந்தார். திறந்து கேட்டேன். விசிலே இல்லை. புஸ் புஸ்ஸென்று வெறும் காற்று.

குழுவே ஒரு ஆட்டம் ஆடிவிட்டது. ஜெயசீலனின் விசிலை யாரோ வாத்தியம் தூக்குகிறவர் அடித்தாராமே! ஒருவர் விடாமல் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். "இதுக்கு நம்ம அட்மின் அக்காவே தேவலை" என்றார் ஒருவர். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வீட்டுக்காரரின் காஸ்கெட் ஜோக்கை எடுத்து அங்கே விட்டேன். அதற்கு இன்னும் நாற்பது சிரிப்பு. "பல்லு பூட்ச்சி மேடம், அதான் காத்து வருது. அப்போல்லாம் சோக்கா அடிப்பாரு" என்று ஏழுமலை எழுதினார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. விதி எண் நான்கு: ஆதாரம் இல்லாத தகவலைப் பகிரக்கூடாது. அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன்.

ஐந்து நிமிஷம் கழித்து என் நம்பருக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்துத் திறந்தேன். பின்னால் ஆட்டோ இரைச்சல். குரலில் கோபமே இல்லை: "என்னைத் தூக்குனதுக்கு இன்னா மேடம், பரவால்ல. எங்க நைனா அடிச்சத மட்டும் அங்கேர்ந்து எட்த்துருங்க, அல்லாரும் சிரிச்சிகினு கீறாங்க."

மண்டப வாசலில்

எடுத்துவிட்டேன். எடுத்ததோடு மறந்தும் விட்டேன் என்று சொன்னால் அது பொய். டி.சி.யில் அப்பா பெயர் எழுதும் ஒவ்வொரு தடவையும் அந்த ஆட்டோ இரைச்சல் காதில் கேட்டது. ஆனாலும் 'ஆதாரம் இல்லையே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு மாசம் கழித்து ஜெயசீலன் சார் ஆவடியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் பாட வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் எங்கள் குழுவில் இருந்ததால், கச்சேரி முடிந்து அவர் காரில் ஏறும்முன் பத்து நிமிஷம் எங்களுக்குக் கிடைத்தது. நான் கையெழுத்து வாங்கப் பட்டியலைப் பைண்ட் பண்ணி எடுத்துப் போயிருந்தேன். அதை நான் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டது சுந்தரம் ஐயாதான்: "சார், சைக்கிள் பாட்டு விசிலை மேடையில ஏன் சார் அடிக்கிறதில்ல?"

அவர் சிரித்துவிட்டார். "எனக்கு விசிலே அடிக்க வராதுங்க. வாத்தியம் தூக்கிட்டு வர்றவரு ஒருத்தர் இருந்தார், மாணிக்கம்னு. வேலை செஞ்சுக்கிட்டே அடிப்பார். மியூசிக் டைரக்டர் கேட்டுட்டு அவரையே மைக் முன்னால நிக்க வெச்சுட்டார். மூணாவது அடி முடியற இடத்துல ஒரு சின்ன இழுப்பு வருமே, அது யாரும் சொல்லிக் கொடுத்தது இல்ல, அவரே போட்டது" என்றார். பட்டியலைத் திறந்து காட்டினேன். தன் பெயர் இருந்த வரியை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்களா எழுதிக்கிட்டீங்க, நானும் இல்லைன்னு சொல்லாம இருந்துட்டேம்மா, கைதட்டு வந்தா யாருக்குத்தான் வேணாம்னு சொல்ல மனசு வருது?"

பத்திரமாக இருந்த காற்று

வெளியே வந்ததும் சுந்தரம் ஐயா தன் போனை எடுத்தார். நான் குழுவிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே மாணிக்கத்தின் விசிலை அவர் தனியாகச் சேமித்து வைத்திருந்தார். ஆவடி பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்டோம். முதல் அடி காற்று. இரண்டாவது அடி காற்று. மூன்றாவது அடி முடிகிற இடத்தில், அந்தக் காற்றுக்குள்ளே, அந்தச் சின்ன இழுப்பு அப்படியே இருந்தது. இத்தனை வருஷமாக எங்கள் குழுவில் நூறு பேர் அடித்த விசிலில் ஒருவருக்கும் வராத இழுப்பு. பாட்டில் கேட்டுக்கொண்டே இருந்தும் அது தனியாக என் காதில் விழுந்ததே இல்லை. அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. இதை அன்றைக்கே ஏன் ஐயா சொல்லவில்லை என்று அவர்மேல் பாய்ந்தேன். "இழுப்பெல்லாம் எனக்கும் தெரியலம்மா," என்றார், "என் பிறந்தநாளுக்கு ஒருத்தர் மூச்சுப் பிடிச்சு ஊதி அனுப்பியிருக்காரு, அதை எப்படி அழிக்கிறதுன்னு வெச்சுக்கிட்டேன்."

குமணன்சாவடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிறு நானும் சுந்தரம் ஐயாவும் குமணன்சாவடிக்குப் போனோம். ஸ்டாண்டில் ஏழுமலையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நடந்ததைச் சொல்லி, எல்லார் எதிரிலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். பதறிப்போய், "இன்னா மேடம் நீங்க, வுடுங்க" என்று எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு விஷயம் சொன்னார். "சிரிச்சத நைனா கைல நான் சொல்லல. அல்லாருக்கும் புட்ச்சிப்போச்சின்னு சொல்லிகீறேன். நீங்களும் அப்டியே சொல்லிருங்க மேடம்."

மாணிக்கம் ஐயா எங்களைக் கண்டதும் உள்ளே போய்ப் பல் செட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "ஊடு தேடி வந்துகீறீங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார். பட்டியலில் அந்தப் பக்கத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். 'விசில்: மாணிக்கம்.' கீழே, மாப்பிள்ளை வீட்டுக்காரர் மூலம் அனுப்பி வாங்கிய ஜெயசீலனின் கையெழுத்து. மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நல்லா கீது" என்று மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "பேரு கெடக்கட்டும் தாயீ. நான் ஊதி அனுப்புனேனே, அத்து எப்டி இருந்திச்சி?" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஏழுமலை கண்ணாலேயே கெஞ்சினார். "ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயா, எல்லாருக்கும் பிடிச்சுது" என்றேன்.

"பொய் சொல்லாத," என்றார். "பல்லு பூட்ட வாயில காத்துதான வரும்? எனக்கே கேட்டுச்சே." அதற்குமேல் என்னால் முடியவில்லை. "சிரிச்சோம் ஐயா. எல்லாரையும் சிரிக்க வெச்சதே நான்தான்" என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. "சிரிச்சா சிரிச்சிட்டுப் போங்க. மூணாவதுல ஒரு இழுப்பு கீது. அத்து வந்திச்சா இல்லியா, அத்த சொல்லு" என்று முன்னால் குனிந்தார். "வந்துச்சு ஐயா. எங்க யாருக்கும் வரல, உங்களுக்கு மட்டும்தான் வந்துச்சு" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. சட்டென்று மகன் பக்கம் திரும்பி அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தார்: "கேட்டுக்கினியாடா, வந்துச்சாம்!"

ஒருவரைக் குழுவிலிருந்து தூக்க ஒரு விரல் போதும், திரும்பச் சேர்க்க இரண்டு பஸ்ஸும் ஒரு ஷேர் ஆட்டோவும் மாற வேண்டியிருக்கிறது, ஆகவே சக அட்மின்களே, பொத்தானை அமுக்கும் முன் அந்த ஊருக்கு எந்த பஸ் போகிறது என்று ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.