தவில்காரம்மாவுக்கு ஊட்டிய இட்லி

1. மே மாதம் ஒரு சாயங்காலம் பாபநாசத்தில் கரண்ட் போனது. என் லேப்டாப்பும் அணைந்தது.
2. யோசிக்காமல் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினேன்.
3. ரோஸ்மில்க் குடித்துவிட்டு, மேளம் கேட்ட தெருவுக்குள் நடந்தேன்.
4. அங்கே ஒரு டிபன் கடையில், முன்பின் தெரியாத ஒருவருக்கு இட்லி ஊட்டினேன்.

அவர் சாமி புறப்பாட்டுக்குத் தவில் வாசிக்க வந்தவர். பருத்த உடம்பு, பட்டுப்புடவை. வலக்கை விரல்களில், துணியைப் பசையில் நனைத்துச் சுற்றிக் காயவைத்த கூடுகள். கழற்றினால், மறுபடி சுற்றிக் காய்வதற்குள் சாமி கிளம்பிவிடும். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. இடக்கையால் சாப்பிட மனமில்லை.

"எப்பவும் அவருதான் ஊட்டுவாரு" என்று அடுத்த மேசையைக் காட்டினார். நாதஸ்வரம் வாசிக்கும் அவர் கணவர், எங்களுக்கு முதுகைக் காட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தார். "காலையில தாளம் விட்டீங்கன்னு சொன்னேன். ஸாரி சொன்னாத்தான் ஊட்டுவாராம்."

"சொல்லிடுங்களேன்."

"விட்டது விட்டதுதானேம்மா? நீ ஊட்டு. சட்னி நெறையத் தொட்டுக்க."

இரண்டாவது இட்லியில் அவருக்கு விக்கல் வந்தது. கணவர் எழுந்து வந்து, தண்ணீர் டம்ளரை அவர் வாயருகே பிடித்தார்.

குடித்துவிட்டு, "ஸாரியெல்லாம் கெடையாது" என்றார் அந்த அம்மா.

"யாரு கேட்டா? விக்கிக்கிட்டே வாசிப்பியா?"

மீதி இட்லியைக் கணவரே ஊட்டினார். நான் கை கழுவப் போனேன்.

பிறகு தெருவில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. தாளம் விட்டதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்குச் சங்கீதம் தெரியாது. அந்த அம்மா மட்டும் இரண்டு முறை கணவரைத் திரும்பிப் பார்த்தார். நான் பஸ் ஏறும்வரை யாரும் யாரிடமும் ஸாரி சொல்லவில்லை.