ஒரே கையெழுத்து

1. மணி

மூன்றாம் வகுப்பு மோனிஷா ரோட்டுக்கு ஓடிவிட்டாள் என்று போன் வந்தபோது நான் வாலாஜாபாத் பஸ்ஸில் இருந்தேன். பாதி வழியில் இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பினேன்.

சிறப்பாசிரியர் வேலை ஒரே பள்ளியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அல்ல. ஓய்வு பெறும்வரை என் பட்டியலில் பதினாறு பள்ளிகள் இருந்தன. மாற்றுத்திறன் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய்வர வேண்டும். மோனிஷாவின் பள்ளி காஞ்சிபுரத்தில், தேரோடும் வீதியை ஒட்டி இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஒரு பூக்கடைக்காரர் பிடித்து உட்கார வைத்திருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். வேன்காரர் ஒருவர் சமயத்தில் பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

அவளுக்கு ஆட்டிசம். பள்ளி மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. அது அவள் வகுப்பு ஜன்னலுக்கு நேர் வெளியே தொங்கியது. அதை அடித்தால் நமக்குக் காது கூசும், அவளுக்கு வலிக்கும். நான் கேட்டது இரண்டே இரண்டு. மணியை வேறு பக்கம் மாட்டுங்கள். அவளோடு இருக்க ஒரு உதவியாள் கொடுங்கள். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் வாயால்.

2. டீ வந்த பிறகு எழுதுவது

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். பள்ளிக்குப் போனால் பார்வைப் பதிவேட்டில் குறிப்பு எழுத வேண்டும். குறையை வாயால் சொல்லலாம், பதிவேட்டில் மட்டும் நல்லதுதான் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் அடுத்த முறை தலைமையாசிரியர் முகம் கொடுக்க மாட்டார். பிள்ளையைப் பார்க்கப் போனால் "பரீட்சை நடக்குது, அப்புறம் வாங்க" என்பார். சீனியர்கள் எனக்கு இப்படித்தான் சொன்னார்கள். நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இதையே சொன்னேன், வெட்கமில்லாமல்.

மணி விஷயத்தை எடுத்தபோதெல்லாம் தலைமையாசிரியர் சிரிப்பார்.

"நான் சர்வீஸ்ல சேர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து அங்கதாம்மா தொங்குது. ஒரு பொண்ணுக்காக மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க."

"அந்தப் பொண்ணால தாங்க முடியல சார்."

"பார்க்கலாம், பார்க்கலாம். டீ ஆறுது, குடிங்க. அப்படியே நல்லதா நாலு வரி எழுதிட்டுப் போங்க."

நானும் எழுதினேன். 'மாணவி நல்ல முன்னேற்றம் அடைந்துள்ளார். தலைமையாசிரியரின் ஒத்துழைப்பு பாராட்டுக்குரியது.' போன தடவை எழுதியதைப் பார்த்து இந்தத் தடவை, இந்தத் தடவை எழுதியதைப் பார்த்து அடுத்த தடவை. ஒத்துழைப்பாம், மண்ணாங்கட்டி. ஒரு ஆணி அடித்து மணியை நகர்த்த மனசு வராத மனிதரை என் கையாலேயே பாராட்டி வைத்தேன்.

3. மனு

மோனிஷாவின் அம்மா சுமதிக்கு ஐயம்பேட்டை. பட்டுக்கடை ஒன்றில் சேலை மடிக்கிற வேலை. பள்ளியிலிருந்து போன் வரும்போதெல்லாம் விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார். பிள்ளை ரோட்டுக்கு ஓடிய அன்று என்னிடம் வந்தார்.

"இதுக்கு மேல யார்கிட்ட கேக்கறது மேடம்? ஆபீசுக்கு எழுதலாம்னு பாக்கறேன். எனக்கு எழுத வராது. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தேன். மணியின் சத்தம் பிள்ளையை என்ன செய்கிறது, உதவியாள் இல்லாமல் என்ன நடந்தது என்று இரண்டு பக்கம். நான் சர்வீஸில் எழுதிய முதல் உண்மை அதுதான். சுமதி அடியில் கையெழுத்துப் போட்டார்.

கல்வி அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டார். சுமதி, தலைமையாசிரியர், நான். தலைமையாசிரியர் பதிவேட்டை மட்டும் மேஜைமேல் வைத்தார். அதிகாரி என் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"என்னா மேடம், ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்குது?"

"ஆமா சார், நான்தான் எழுதிக் குடுத்தேன்" என்றேன்.

"பதிவேட்டுல நல்ல முன்னேற்றம்னு இருக்குது. மனுவுல ஒண்ணுமே நடக்கலன்னு இருக்குது. ரெண்டுல எது பொய்?"

பதிவேடுதான் பொய் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எனக்கு மெமோ வரும். மற்ற பள்ளிகளில் நான் எழுதியதும் பொய்தானா என்று கிளறுவார்கள். அதெல்லாம் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது.

"முன்னேற்றம் இருக்குது சார், ஆனா..." என்றேன்.

"அப்ப உதவியாள் எதுக்கு?" என்று பதிவேட்டை மூடிவிட்டார்.

அப்போதுதான் தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். "முன்னேற்றம் இருந்தும் ரோட்டுக்கு ஓடுதுன்னா, எங்களால பொறுப்பு ஏத்துக்க முடியாது சார். வீட்டுவழிக் கல்வியில போட்டுடலாம். பாதுகாப்பா இருக்கும்."

அப்படியே முடிவானது. சுமதி அந்த இருவரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். வெளியே வந்ததும் கேட்டார்.

"எங்கிட்ட ஒண்ணு சொல்லிக்கினு, அங்க ஒண்ணு எழுதிக்கினு இருந்தீங்களா மேடம்?"

4. வாரம் ஒரு நாள்

வீட்டுவழிக் கல்வி என்றால் நான் வாரத்தில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போவேன். மற்ற நாளெல்லாம் பிள்ளை வீட்டிலேயே கிடக்கும். சுமதி கடை வேலையை விட்டுவிட்டார்.

முதல் வாரம் போனபோது மோனிஷா யூனிபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, வாசற்கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தினமும் காலையில் இப்படித்தானாம். எவ்வளவு சொன்னாலும் யூனிபார்மைக் கழற்ற விடுவதில்லையாம். மணிதான் அவளுக்கு ஆகாது, பள்ளிக்கூடம் ஆகாது என்று அவள் ஒருநாளும் காட்டியதில்லை. இதைக்கூட அதுவரை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். டீயைக் குடியுங்கள், தப்பில்லை. கண்ணால் பார்த்ததை அன்றைக்கே, அந்தப் பதிவேட்டிலேயே எழுதுங்கள். தலைமையாசிரியர் முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும். நல்ல வார்த்தையாக நான் எழுதியதெல்லாம் அந்தப் பிள்ளையை வெளியே தள்ளத்தான் பயன்பட்டது.

அன்று வீட்டு வருகைப் படிவத்தில் இப்படி எழுதினேன்: 'மாணவி பள்ளிக்குச் செல்ல விரும்புகிறார். மணி இடம் மாற்றப்படாததாலும் உதவியாள் தரப்படாததாலும் வீட்டில் வைக்கப்பட்டுள்ளார். முந்தைய என் குறிப்புகள் உண்மையல்ல.'

சுமதி படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை.

"இத எழுத உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல மேடம்" என்றார்.