பயந்தாங்கொள்ளிக் கோடு

எங்கள் ஊருக்குத் திரும்பும் தரைப்பாலத்தின் ஓரத்தில் ஒரு குத்துக்கல் நிற்கிறது. இடுப்பு உயரம் இருக்கும். கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர்கள், வருசா வருசம் பொங்கலுக்கு முந்தின நாள் அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுவுக்குச் சற்று மேலே ஒரு கறுப்புக் கோடு போடுவார்கள். ஓடையில் தண்ணீர் வரும்போது கறுப்பு தெரிந்தால் வண்டி போகலாம். கறுப்பு மூழ்கிவிட்டால் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். எந்த அதிகாரியும் வந்து வைத்த அளவு இல்லை, டிரைவர்கள் பட்டுத் தெரிந்து போட்ட கணக்கு. அந்தக் கறுப்புக்கு ஒரு சாண் கீழே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு சிவப்புக் கோடும் பத்துப் பன்னிரண்டு வருடமாக இருந்தது. அதைப் போட்டவர் என் அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான். ஊர் அதற்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளிக் கோடு. அந்தப் பெயரைக் கேட்டு முதலில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் மெக்கானிக். கம்பத்துக்குப் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மச்சான் ஜீப் டிரைவர். விடிவதற்குள் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, தோட்டத்தில் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவருவார். மெட்டு ரோட்டின் வளைவுகளில் வண்டி மூச்சு வாங்குகிறது என்பது அவருடைய நெடுநாள் குறை. அந்தச் சமயத்தில் நான் செல்போனில் வெளியூர்க் கார்களைப் பார்த்துப் பார்த்து ஒரு வித்தை கற்றிருந்தேன். பானெட்டுக்குள் இருக்கும் காற்று எஞ்சின் சூட்டில் வெந்து கிடக்கும். அதற்குப் பதிலாக ஒரு குழாயைக் கீழே இறக்கி, முன் பம்பருக்குப் பின்னால் வாயை வைத்து, குளிர்ந்த காற்றை இழுக்க வைத்தால் வண்டிக்குத் தெம்பு கூடும். ரப்பர் குழாய், ஒரு வளைவு, நுனியில் ஒரு ஃபில்டர், அவ்வளவுதான். அரை நாளில் மாட்டிவிட்டேன்.

மறுநாள் மலையேறி இறங்கி வந்த மச்சான் நேராக ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். "மாப்ள, வண்டிக்கு இத்தன நாளா இருந்த மூக்கடைப்பு நீங்கிருச்சுய்யா! நாலாவது வளைவுல கியரே மாத்தல" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். டீக்கடையில் நின்ற டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பானெட்டைத் திறந்து காட்டினார். என் மச்சினன் போட்டது, என் மச்சினன் போட்டது என்று நாலு பேரிடம் சொன்னார். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு ஜீப்புக்கு மாட்டிக் கொடுத்தேன். குழாயின் வாய் தாழ்ந்திருக்கிறது, தண்ணீரில் பார்த்துப் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் இல்லை. புகழ்கிற வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் குறை சொல்ல நாக்கு வரவில்லை.

அது ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கம்பத்தில் சாமான் வாங்கிவிட்டு ரோட்டில் நின்ற என்னை, சாயங்காலம் நாலரை மணி வாக்கில் மலையிலிருந்து இறங்கி வந்த மச்சான் ஏற்றிக்கொண்டார். உள்ளே இடமில்லை. பின்படியில் தொற்றிக்கொண்டேன். தரைப்பாலத்துக்கு வந்தபோது ஓடை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. மச்சான் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிக் கல்லைப் பார்த்தார். கறுப்புக் கோடு நன்றாகத் தெரிந்தது. அதற்கு நாலு விரல் கீழேதான் தண்ணீர்.

"கோடு தெரியுதுல்ல ஆத்தா? போயிரலாமா?" என்று உள்ளே கேட்டார். பெண்களைக் கேட்காமல் ஒருநாளும் அவர் தண்ணீரில் இறக்கியதில்லை. "போங்க போங்க, பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்து கெடக்கும்" என்றாள் ஒருத்தி.

நானும் கல்லைத்தான் பார்த்தேன். பார்த்த அந்த நொடியில் நான் மாட்டிய குழாய் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கறுப்புக் கோடு, காற்றுக் குழாய் மேலே இருக்கிற ஜீப்புக்குப் போட்ட கணக்கு. இந்த வண்டியின் மூக்கை நான் கீழே இறக்கியிருந்தேன். கறுப்பு தெரிந்தாலும் இதன் வாய் தண்ணீருக்குள்தான் இருக்கும். இறங்காதீர்கள் என்று சொல்ல மூன்று மூச்சு விடுகிற நேரம் இருந்தது. இத்தனை பெண்களுக்கு முன்னால் என் வேலையில் பழுது என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். வேகமாகக் கடந்தால் தப்பித்துக்கொள்ளும் என்றும் நினைத்தேன். அதற்குள் முன்சக்கரம் தண்ணீரில் இறங்கிவிட்டது.

பாலத்தின் நடுவில் வண்டி ஒரு தரம் கனைத்தது, பிறகு நின்றுவிட்டது. எஞ்சின் சத்தம் நின்றதும் தண்ணீரின் சத்தம் அத்தனை பெரிதாகக் கேட்டது. எங்கள் டிரைவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. வண்டி ஏடாகூடமான இடத்தில் நின்றால் முதல் கியரைப் போட்டுச் சாவியைத் திருகி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்திலேயே நாலடி நகர்த்திவிடுவார்கள். மச்சானும் அதைத்தான் செய்தார். "மச்சான், வேணாம்!" என்று நான் கத்தியபோது சாவி திரும்பிவிட்டிருந்தது. உள்ளே இரும்பு இரும்பில் மோதியது போல டங்கென்று ஒரே ஒரு சத்தம். சிலிண்டருக்குள் காற்று இருந்தால் அமுங்கும். தண்ணீர் அமுங்காது. உள்ளே எது வளையக்கூடியதோ அதுதான் வளையும்.

தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கால் வைக்கும் தகடு நனைந்தது, பிறகு கணுக்கால். "யாத்தே, வண்டி அசையுதே!" என்று உள்ளே அலறல். மச்சான் குரலை உயர்த்தவே இல்லை. "யாரும் குதிக்காதீக. மாப்ள, தார்ப்பாய்க் கயித்த அவுத்துக் கரைக்குக் கொண்டு போ" என்றார். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் இறங்கினேன். நடந்தேனா நீந்தினேனா தெரியவில்லை. கரையிலிருந்த புளியமரத்தில் கட்டினேன். மறுமுனையை வண்டியில் கட்டிவிட்டு, மச்சான் கயிற்றுக்குக் கீழ்ப்பக்கமாக, தண்ணீர் இழுக்கிற திசையில் நின்றுகொண்டார். பெண்கள் ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் நெஞ்சில் உரசியபடி வந்தார்கள். எட்டாவதாக வந்தவளுக்குக் கால் வழுக்கிக் கை விட்டுப்போயிற்று. இடது கையை வீசி மச்சான் அவள் கொண்டையைப் பிடித்தார். அந்த இழுப்பில் அவர் தோள்மூட்டு விலகியது. விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளைக் கயிற்றில் சேர்த்துவிட்டு, மிச்ச மூன்று பேரும் கரையேறும் வரை அந்தக் கை தொங்கத் தொங்க அங்கேயே நின்றார்.

ஊர் என்னைக் கொண்டாடியது. கயிற்றைக் கொண்டுபோனவன் நான்தானே! அக்கா என் முன்னாலேயே மச்சானைப் பிடித்து உலுக்கினாள்: "பதினோரு உசிர வச்சுக்கிட்டு இப்படியா எறக்குவாக? எந்தம்பி மட்டும் இல்லேன்னா இன்னைக்கு என்னாயிருக்கும்?" கையைத் துண்டால் தூளி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர், "தண்ணி வேகத்த நான் கணிக்கல, என் தப்புதான்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

டிராக்டரை வைத்து இழுத்துவந்த வண்டியை நான்தான் பிரித்தேன். மச்சான் பக்கத்தில் நின்றார். காற்றுக் குழாயைக் கழற்றிச் சாய்த்ததும் சேறும் தண்ணீருமாகக் கொட்டியது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி, வாழைக்காய் போல வளைந்து வெளியே வந்தது. அவர் குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பழைய எடத்துலயே வச்சிரு மாப்ள" என்றார். திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். அந்த வருடம் முழுக்கப் பெண்கள் அவர் வண்டியில் ஏறவில்லை. அவர் காலி ஜீப்பில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த பொங்கலுக்குக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, மச்சான் ஒரு சின்னச் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்தார். குனிவதற்குச் சிரமப்பட்டுக்கொண்டே ஒரு கையால் கோடு போட்டார். "கறுப்பப் பாக்காதீக. இனிமே இதுதான் கணக்கு" என்றார். ஒரு டிரைவர், "ஒரு தடவ முங்குனதுக்கு இம்புட்டுப் பயமாண்ணே? பயந்தாங்கொள்ளிக் கோடுன்னு பேர் வச்சிருவோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிவப்பின் உயரம், நான் இறக்கிவைத்த குழாய் வாயின் உயரம். அவர் வண்டியில் குழாய் மேலே போய்விட்டது. மற்ற இரண்டு வண்டிகளில் அது அப்படியேதான் இருந்தது. நான் போய்க் கழற்றவில்லை. கழற்றப் போனால் ஏன் என்று கேட்பார்களே! என் பெயரைச் சொல்லாமல் அந்த இரண்டு வண்டியையும் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

டிரைவர்கள் சிரித்தாலும் பெண்கள் சிரிக்கவில்லை. சிவப்பு முங்கினால் ஒருத்தியும் வண்டியில் உட்கார மாட்டாள். இறங்கி மரத்தடியில் நின்றுகொள்வார்கள். மச்சான் வருசம் தவறாமல் அந்தக் கோட்டைப் புதுப்பித்தார். கேலி பேசினால், "ஆமப்பா, நான் பயந்தாங்கொள்ளிதான்" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடுவார். இன்று கழற்றலாம், நாளைக்குக் கழற்றலாம் என்று நான் வருடங்களைக் கடத்தினேன். ஒவ்வொரு மழைக்கும் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று அந்த இரண்டு வண்டிகளும் திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பேன். வந்துவிட்டால் சோறு இறங்கும்.

போன மார்கழியில் மச்சான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார், முழங்கால் போய்விட்டது. ஜன்னலில் இருந்த சிவப்பு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "இந்த வருசம் நீ அடிச்சிரு மாப்ள. எனக்குக் குனிய வரல." இத்தனை வருடத்தில் அந்தக் கோட்டைப் பற்றி எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. டப்பா உள்ளங்கையில் கனத்தது. வீட்டுக்குப் போகவில்லை. நேராக அந்த இரண்டு டிரைவர்களையும் தேடிப் போனேன்.

முதல் ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, மாத்திக் குடு" என்றான். இரண்டாமவன் நான் சொல்லி முடித்ததும் போய்ப் பானெட்டைத் திறந்தான். அவன் தாயார் அவன் ஜீப்பில்தான் தினமும் மலையேறுகிறவர். குழாயைக் கழற்றி என் காலடியில் எறிந்தான். "எங்காத்தாள ஒக்கார வச்சுக்கிட்டு இத்தன வருசம் ஓட்டிருக்கேன்டா. ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே நானே கழட்டிருப்பேன்ல?" ஒரு வார்த்தைதான். அவன் சொன்னது சரி. அத்தனை வருடம் நான் மலையென்று பயந்தது ஒரு நிமிடத்து வேலை.

மச்சானிடம் திரும்பிப் போனேன். பக்கத்தில் அக்கா முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இந்த வருசம் செவப்பு வேணாம்."

அவர் நிமிர்ந்தார். "ரெண்டு வண்டியும் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். கொழாயக் கீழ எறக்குனது நான். தெரிஞ்சே உங்களத் தண்ணியில எறங்க விட்டதும் நான்."

அக்காவின் கையில் முறம் நின்றுவிட்டது. மச்சான், தோள் விலகிய நாளிலிருந்து முழுசாகத் தூக்க வராத இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்பன்னா சுண்ணாம்பு அடிச்சிருய்யா" என்றார்.

பொங்கலுக்கு முந்தின நாள் நானே கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கறுப்புக் கோடு மட்டும் போட்டேன். வெயில் ஏறி, பூச்சு காய்ந்ததும் ஒரு சாண் கீழே சிவப்பு பூச்சுக்குள்ளிருந்து மெல்லத் தெரிந்தது. பெயின்ட், அதுவும் அத்தனை வருடப் பெயின்ட், ஒரு பூச்சுச் சுண்ணாம்புக்கு அடங்குமா? வாளியில் இன்னொரு பூச்சுக்குச் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. அடிக்கவில்லை.