தட்டுச் சத்தம்

டிப்போவில் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியை ஏறெடுத்தும் பார்க்காத மனிதருக்குக் கேலிக்காக வைத்த பெயர் அது. அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. கல்யாண மாப்பிள்ளைக்குப்போல அவருக்கும் பின்னால் மச்சினன் நின்றான்.

மனைவியின் தம்பி அவன். கடைகளுக்குப் பெயிண்ட் டப்பாக்கள் கொண்டுபோகும் சின்ன லாரியில் அவர் டிரைவர், அவன் கிளீனர். மற்ற வண்டிகளில், பின்னால் எடுக்கும்போது இடம் இருக்கும்வரை கிளீனர் சும்மா நிற்பான். நிறுத்தவேண்டும் என்றால் வண்டியின் பக்கப்பலகையில் தட்டுவான். இவர்கள் வழக்கம் தலைகீழ். இடம் இருக்கும்வரை மச்சினன் தட்டிக்கொண்டே இருப்பான். சத்தம் நின்றால் வண்டி நிற்கவேண்டும். அவர்தான் அப்படிப் பழக்கியிருந்தார்.

"பின்னால நீ நிக்கிறியா, விழுந்து கிடக்கிறியான்னு எனக்குத் தெரியணும்ல" என்று காரணமும் சொல்லியிருந்தார்.

டிரெய்லர் ஓட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒருவழியாக மேற்பார்வையாளர் வாய்ப்புக் கொடுத்தார். டிரெய்லரில் கிளீனர் கிடையாது, கண்ணாடிதான் துணை. பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் போகும். காலி மைதானத்தில் ரப்பர் கூம்புகளைச் சாய்த்துச் சாய்த்துப் பழகி, சோதனையில் தேறிவிட்டார். அவரைவிட மச்சினனுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

"மாமா இனிமே அவ்வளவு உசரத்துல உட்காருவாரு. நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

சின்ன லாரியை ஒப்படைக்கும் நாளில், வேறு கம்பெனியிலிருந்து வந்திருந்த புது டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். இடப்பக்கக் கதவைத் தூக்கித்தான் சாத்தவேண்டும். மேடு ஏறினால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைக் கவனிக்கவேண்டும். ஒன்றையும் விடவில்லை என்று அன்று வீட்டில் பெருமையாகச் சொன்னார். வண்டியோடு சேர்ந்து போகும் ஆளைப்பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூச்சுவிடுவதைப்போல ஊறிப்போன வழக்கம், சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

மறுநாள் முதல் கடையிலேயே நடந்துவிட்டது. புது டிரைவர் பின்னால் எடுத்தார். மச்சினன் தட்டினான். அவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றதைப் பார்த்த மச்சினன் தட்டுவதை விட்டுவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, சரக்கு இறக்கும் மேடையோரம் கிடந்த கட்டையை எடுக்க வண்டிக்கும் மேடைக்கும் நடுவே கையை நீட்டினான். சத்தம் ஓய்ந்தது. வழி கிடைத்துவிட்டது என்று டிரைவர் வண்டியை மறுபடி பின்னால் விட்டார். மச்சினனுக்கு வலதுகையில் மூன்று விரல்கள் போயின.

"தட்டினான், நின்னேன். தட்டலை, வந்தேன். நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மனிதர் ஒவ்வொருவரிடமும் கேட்டு அழுதார். அவருடைய தப்பு ஒன்றும் இல்லை என்பது அங்கே மாப்பிள்ளை ஒருவருக்குத்தான் புரிந்தது. சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி திட்டவில்லை. "ஒண்ணுவிடாம சொல்லிக்குடுத்தேன்னீங்களே" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். மச்சினனும் பழி சொல்லவில்லை. "நானாவது சொல்லியிருக்கலாம் மாமா. எனக்கும்தான் தோணலை" என்றான். அவன் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது அவனுக்கு டிப்போவின் வாசலில் கேட் திறக்கும் வேலை. ஒருநாள் அவர் டிரெய்லரை மேடைக்குப் பின்னால் எடுக்கும்போது, பழக்கதோஷத்தில் கூடவே நடந்து வந்து இடதுகையால் தட்டினான். அவ்வளவு நீள வண்டியில் அந்தச் சத்தம் முன்னால் எங்கே கேட்கும்? கண்ணாடியில் கை மட்டும் தெரிந்தது. பாதியில் கேட்டில் யாரோ ஹாரன் அடிக்க, அவன் திரும்பி ஓடினான். கை மறைந்தது. அவர் பிரேக்கை மிதித்தார்.

"இன்னும் எக்கச்சக்கமா இடம் கிடக்கு, வாங்க மாப்பிள்ளை" என்றான் மேடையில் நின்றவன்.

அவர் அசையவில்லை. மச்சினன் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி பலகையில் கை வைக்கும்வரை கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.